பென் டிரைவைச் செருகியதும் எந்த ஐகானை நம்புவது? ஒரு டிடிபி கடைக்காக விண்டோஸ், லினக்ஸ், மேக் ஒப்பீடு

திருவல்லிக்கேணியில் பாரதி சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் ஓர் அக்கா டிடிபி, ஜெராக்ஸ் கடை நடத்துகிறார். அந்தக் கடைக் கம்ப்யூட்டர்களைப் பல வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இருப்பது இரண்டு மெஷின். உள்ளே இருப்பதில் கோரல்டிராவும் ஃபோட்டோஷாப்பும் ஓடும். கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அதில்தான். வாசல் பக்கம் கவுன்ட்டரில் இருப்பது பிரின்ட் எடுக்க மட்டும். மேன்ஷனில் தங்கி வேலை தேடும் பையன்களின் பயோடேட்டா, மாநிலக் கல்லூரி மாணவர்களின் புராஜெக்ட், யாருடைய ஆதார் நகலோ, என்ன வந்தாலும் முதலில் அந்த மெஷினில்தான் செருகப்படும்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. கவுன்ட்டர் மெஷின் பழையது. ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி நானே சேர்த்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் அதில் இல்லை. புது மெஷினா, லினக்ஸா, இல்லை கொஞ்சம் செலவு செய்து ஒரு மேக் மினியா என்று அக்காவிடம் கேட்டேன். அவர் வேகம், விலை, ஆன்டிவைரஸ் எதைப் பற்றியும் பேசவில்லை.

“எதை வேணும்னாலும் போடு தம்பி. ஆனா ஐகானைப் பார்த்த உடனே எது என்ன ஃபைல்னு எனக்குத் தெரியணும். எதிர்ல அஞ்சு பேர் நிக்கிறாங்க.”

இது சின்ன விஷயம் இல்லை. இருநூறு கோப்பு இருக்கும் பென் டிரைவைத் திறந்து, சரியான ஒன்றை நாலைந்து நொடியில் தேடி எடுக்கிற வேலை அவருடையது. தப்பான ஒன்றைச் சொடுக்கினால் மெஷினே நாசமாகலாம். அதனால் இந்த ஒப்பீட்டை முழுக்க முழுக்க ஐகானை வைத்தே செய்தேன். இதுபோன்ற கடையோ, ஆபீஸ் முன்மேசையோ, நூலகக் கணினியோ உங்கள் பொறுப்பில் இருந்தால் உதவும்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவர் ஐகானிடம் மூன்று கேள்வி கேட்கிறார். இது ஃபோல்டரா, கோப்பா, ஓடக்கூடிய நிரலா? கோப்பு என்றால் என்ன வகை? அந்த வகையில் இருக்கும் பத்தில் நான் தேடுவது எது? மூன்று இயங்குதளமும் இந்தக் கேள்விகளுக்கு வெவ்வேறு விதமாகப் பதில் சொல்கின்றன. அதோடு விண்டோஸ் நாம் கேட்காத நாலாவது கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

விண்டோஸ்: ஐகான் நிரலுக்குச் சொந்தம்

அந்த நாலாவது கேள்வி, “இதை எந்த நிரல் திறக்கும்?” என்பது. விண்டோஸில் நாம் பார்க்கும் பெரும்பாலான ஐகான்கள் இதற்கான பதில்தான்.

அது ஐகானைத் தேடிப் போகிற வழி இப்படி. கோப்பின் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எக்ஸ்டென்ஷனை எடுத்துக்கொள்கிறது. விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் அந்த எக்ஸ்டென்ஷனுக்கு எழுதியிருக்கும் இடத்துக்குப் போனால், அது புரோக்ஐடி என்ற இன்னொரு பெயரைக் கைகாட்டும். அந்தப் பெயரிடம் போனால், அதற்குள் டிஃபால்ட்ஐகான் என்ற குறிப்பில் ஒரு நிரலின் முகவரியும் ஓர் எண்ணும் இருக்கும். இந்த நிரலுக்குள் இத்தனையாவது படம் என்று அர்த்தம். அந்தப் படம்தான் திரைக்கு வருகிறது. எந்த நிரலில் திறக்க வேண்டும் என்று நாம் தனியாகத் தேர்ந்தெடுத்திருந்தால் அதுவே முன்னுரிமை பெறும். நமக்குத் தெரியாமல் பிற நிரல்கள் அந்தத் தேர்வை மாற்றிவிடாதபடி விண்டோஸ் 8 முதல் அதோடு ஒரு சரிபார்ப்புக் குறியும் சேர்த்து வைக்கிறார்கள்.

இந்தச் சங்கிலியில் எந்த இடத்திலும் கோப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பெயரின் கடைசி மூன்று நான்கு எழுத்துதான் எல்லாமே.

இதன் விளைவை நேரில் பார்த்தேன். ஒரு நாள் கடையில் உதவிக்கு இருக்கும் பையன் ஒரு கல்லூரி மாணவியிடம், “உங்க பென் டிரைவ்ல பிடிஎஃப்பே இல்லைங்க” என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டான். பிடிஎஃப் இருந்தது. முந்தின நாள் நிறுவிய ஏதோ ஒன்று பிடிஎஃப்பைத் திறக்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டதால், எல்லாப் பிடிஎஃப் கோப்பும் பிரவுசர் ஐகானோடு நின்றன. பையன் தேடியது சிவப்புப் படத்தை. அவனைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு வருடமாக அவன் கண் பழகியது சிவப்புக்கு. அது ஒரே ராத்திரியில் மாறிவிட்டது. உள்ளே இருக்கும் மெஷினில் அதே கோப்பு இன்னும் சிவப்பாகவே தெரிந்தது. ஒரே கடையில், ஒரே கோப்புக்கு, இரண்டு முகம். அந்தப் பெண் அன்றைக்கே புராஜெக்ட் சமர்ப்பிக்க வேண்டியவள். திரும்பி வந்தாளா என்று எங்களுக்குத் தெரியாது. அதை நினைத்தால் இப்போதும் மனசு கேட்பதில்லை.

அடுத்த சிக்கல் இன்னும் பெரியது. விண்டோஸை நிறுவியதும் தெரிந்த வகைகளின் எக்ஸ்டென்ஷன் மறைந்தே இருக்கும். பெயரின் கடைசி எழுத்தை வைத்துத்தான் எல்லா முடிவும் எடுக்கிறது, அந்தக் கடைசி எழுத்தை நம் கண்ணுக்குக் காட்டுவதில்லை. 2000-ஆம் ஆண்டு மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய ஐ லவ் யூ வைரஸ் இதைத்தான் பயன்படுத்தியது. பெயரின் நடுவில் டிஎக்ஸ்டி, கடைசியில் ஓடக்கூடிய நிரலைக் குறிக்கும் விபிஎஸ். விபிஎஸ் மறைந்துவிட, பார்த்தவர்களுக்கு அது வெறும் எழுத்துக் கோப்பாகத் தெரிந்தது.

நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் வேலை பார்த்தவர்களுக்கு இன்னொரு கதையும் நினைவிருக்கும். பென் டிரைவில் ‘நியூ ஃபோல்டர்’ என்று ஒரு மஞ்சள் ஃபோல்டர் இருக்கும். சொடுக்கினால் திறக்காது, ஆனால் உள்ளுக்குள் வேலை நடந்துவிடும். அது ஃபோல்டரே இல்லை, ஈஎக்ஸ்ஈ. ஓடக்கூடிய நிரல்கள் தங்கள் ஐகானைத் தாங்களே வயிற்றுக்குள் வைத்திருக்கும். அவற்றுக்கு ரெஜிஸ்ட்ரி வழி ஐகான் தேவையில்லை. ஆக, ஒரு நிரல் எந்த வேடத்தை வேண்டுமானாலும் போடலாம், ஃபோல்டர் வேடம் உட்பட. எக்ஸ்டென்ஷனும் மறைந்திருந்தால் அக்கா என்ன, நானே ஏமாறுவேன்.

“அப்போ எக்ஸ்டென்ஷனைக் காட்டச் சொல்லிட்டா போதுமே” என்பீர்கள். பெரும்பகுதி சரியாகும். கோப்பு மேலாளரில் ‘வியூ’ பட்டியலுக்குள் ஒரு டிக் அவ்வளவுதான், இன்றே போடுங்கள். ஆனால் ஷார்ட்கட் வகைக்கு அது பலிக்காது. எல்என்கே என்ற எக்ஸ்டென்ஷனை எப்போதும் காட்டாதே என்று ரெஜிஸ்ட்ரியிலேயே எழுதியிருக்கிறது. ஷார்ட்கட் வைரஸ் பிடித்த பென் டிரைவில் உண்மையான ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில், அதே மஞ்சள் ஐகானோடு ஷார்ட்கட்டுகளை வைத்திருக்கும். மூலையில் இருக்கும் குட்டி அம்புக்குறி ஒன்றுதான் அடையாளம். ஐந்து பேர் நிற்கும்போது அந்த அம்பை யார் பார்க்கிறார்கள்?

விண்டோஸின் பக்கம் நியாயமாகச் சொல்ல வேண்டியதும் உண்டு. ஒரே ஆள், ஒரே மெஷின், தன் கோப்புகளோடு மட்டும் வேலை என்றால் நிரலை வைத்து ஐகான் காட்டுவது நல்ல ஏற்பாடு. உள்ளே டிசைன் செய்யும் தம்பிக்கு “இது கோரலில் திறக்கும்” என்பதுதான் தேவையான தகவல். அவருக்கு இது சரியாகவே பொருந்துகிறது.

லினக்ஸ்: ஐகான் வகைக்குச் சொந்தம்

லினக்ஸ் டெஸ்க்டாப்புகள் பலவும் ஃப்ரீடெஸ்க்டாப் என்ற பொதுத் திட்டத்தின் விதிகளைப் பின்பற்றுகின்றன. குனோம், கேடிஇ, எக்ஸ்எஃப்சிஇ எல்லாவற்றுக்கும் இது பொது. இங்கே வழி வேறு. முதலில் கோப்பின் வகை என்ன என்று முடிவாகும்; அதற்கு மைம் வகை என்று பெயர், இணையத்திலும் மின்னஞ்சலிலும் பயன்படும் அதே பெயர்முறை. பிடிஎஃப்புக்கு ‘அப்ளிகேஷன், சாய்கோடு, பிடிஎஃப்’. அடுத்த படியில் அந்தச் சாய்கோட்டை எடுத்துவிட்டு ஒரு சிறுகோடு போட்டால் அதுவே ஐகானின் பெயர். அந்தப் பெயரில் படம் இருக்கிறதா என்று நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் ஐகான் தீமில், அதாவது ஐகான் படத் தொகுப்பில், தேடும். இல்லையென்றால் அந்தத் தீம் எதைத் தன் தாய்த் தீமாகக் காட்டுகிறதோ அதில் தேடும். கடைசியில் ஹைகலர் என்ற பொதுத் தீம். எங்குமே கிடைக்காவிட்டால் ‘ஏதோ ஓர் ஆவணம்’, ‘ஏதோ ஒரு படம்’ என்கிற பொது ஐகான்.

இந்தச் சங்கிலியில் எந்த நிரல் திறக்கும் என்ற பேச்சே வரவில்லை, கவனித்தீர்களா? பிடிஎஃப்பை எவின்ஸில் திறந்தாலும் ஃபயர்ஃபாக்ஸில் திறந்தாலும் ஐகான் மாறாது. மாணவிக்கு நேர்ந்தது இங்கே நேராது. அக்கா கடைக்கு நான் தேடியது இந்த ஒரு குணத்தைத்தான்.

இப்போது ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்த வேண்டும். “லினக்ஸ் எக்ஸ்டென்ஷனைப் பார்க்காது, கோப்பின் உள்ளடக்கத்தைப் பார்த்துத்தான் ஐகான் போடும்” என்று பலர் சொல்வார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். டெர்மினலில் இருக்கும் ஃபைல் என்ற கட்டளைக்குத்தான் அது பொருந்தும். அது உள்ளே இருக்கும் பைட்டுகளைப் படித்துச் சொல்லும்: பிடிஎஃப்பின் ஆரம்பத்தில் சதவீதக் குறியோடு பிடிஎஃப் என்றே எழுதியிருக்கும், ஜிப் கோப்பு பிகே என்ற இரண்டெழுத்தில் தொடங்கும், அந்த வடிவத்தை உருவாக்கிய ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள் அவை. டெஸ்க்டாப் அப்படி இல்லை. விதிப்படி அதுவும் முதலில் பெயரைத்தான் பார்க்கிறது. பெயரை வைத்து ஒரே ஒரு விடை கிடைத்தால் அத்தோடு நின்றுவிடும். பெயரில் எக்ஸ்டென்ஷன் இல்லாதபோதோ, ஒரே எக்ஸ்டென்ஷனுக்கு இரண்டு வகை போட்டியிடும்போதோதான் உள்ளே எட்டிப் பார்க்கும். இதற்குக் காரணம் வேகம். ஆயிரம் கோப்பு இருக்கும் ஃபோல்டரில் ஒவ்வொன்றையும் திறந்து படித்துக்கொண்டிருந்தால் பழைய பென் டிரைவில் திரை நிரம்பவே நேரமாகும்.

கடையிலேயே சோதித்துப் பார்த்தோம். ஒரு ஜேபெக் படத்தின் எக்ஸ்டென்ஷனை அழித்தோம். விண்டோஸில் வெள்ளைத் தாள், லினக்ஸில் படம் என்று சரியாகக் காட்டியது. அதே படத்துக்குக் கடைசியில் பிடிஎஃப் என்று எழுதினோம். இரண்டிலும் பிடிஎஃப் ஐகான்தான்! அக்கா என்னைப் பார்த்தார். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டது நல்லது. ஏனென்றால் “பிடிஎஃப் தான் வேணும்னாங்க” என்று பெயரை மட்டும் மாற்றிக் கொண்டுவரும் வாடிக்கையாளர்கள் மாதத்தில் நாலு பேராவது உண்டு. அவர்கள் கொண்டுவரும் கோப்பின் வேடத்தை எந்த டெஸ்க்டாப் ஐகானும் கலைக்காது. திறந்து பார்த்து, திறக்காவிட்டால் ஃபைல் கட்டளையிடம் கேட்க வேண்டியதுதான்.

எக்ஸ்டென்ஷன் இல்லாத கோப்பைக் கண்டுபிடிப்பதிலும் ஓர் எல்லை இருக்கிறது. வேர்டின் டாக்எக்ஸ் உள்ளுக்குள் ஒரு ஜிப். எக்ஸ்டென்ஷன் போய்விட்டால் பெரும்பாலும் அது ஜிப்பாகத்தான் தெரியும். லிப்ரெஆபீஸின் ஓடிடியும் ஜிப்தான் என்றாலும், தன் வகைப் பெயரைச் சுருக்காமல் முதல் உறுப்பாக வைத்துக்கொள்வதால் ஓடிடி என்றே அடையாளம் தெரிந்துவிடும். வடிவமைத்தவர்களின் அந்த முன்யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது.

சரி, பெயரையே முதலில் பார்க்கிறது என்றால் பென் டிரைவ் பாதுகாப்புக்கு லினக்ஸ் எப்படி உதவும்? வேறு மூன்று காரணங்களால். முதலாவது, எக்ஸ்டென்ஷனை மறைப்பதே இல்லை. நியூ ஃபோல்டர் என்ற பெயருக்குப் பின்னால் ஈஎக்ஸ்ஈ அப்படியே நிற்கும். ஐகானும் அதன் வயிற்றில் இருக்கும் படமாக இல்லாமல், ‘இது ஒரு நிரல்’ என்கிற பொது ஐகானாக இருக்கும். இரண்டாவது, விண்டோஸ் மறைத்து வைத்த ஃபோல்டர்கள் லினக்ஸில் மறைவதில்லை. ஷார்ட்கட் வைரஸ் பிடித்த பென் டிரைவைச் செருகியபோது உண்மையான ஃபோல்டர்களும், பக்கத்திலேயே எல்என்கே என்ற வாலோடு போலிகளும் சேர்ந்தே தெரிந்தன. அக்கா உண்மையான ஃபோல்டரைத் திறந்து, பையனின் பயோடேட்டாவை எடுத்து, பிரின்ட் போட்டுக் கொடுத்துவிட்டார். மூன்றாவது காரணம் எல்லாருக்கும் தெரிந்ததே: கை தவறி ஈஎக்ஸ்ஈயைச் சொடுக்கினாலும் விண்டோஸ் நிரல்களை ஓட்டும் ஒயின் போன்ற ஏற்பாடு இல்லாத லினக்ஸில் அது ஓடாது.

லினக்ஸிலும் வேடம் போடக்கூடிய ஒரு வகை உண்டு. டெஸ்க்டாப் என்ற எக்ஸ்டென்ஷன் கொண்ட கோப்புகள் தங்களுக்கு என்ன பெயர், என்ன ஐகான் என்பதைத் தாங்களே சொல்லும், நிரலையும் ஓட்டும். ஆனால் முன்பின் தெரியாத ஒன்றைத் திறக்கும்போது ‘இதை நம்பலாமா’ என்று கேட்டு நிறுத்தும். அந்தக் கேள்வி வந்தால் ‘வேண்டாம்’ என்று சொல்லுங்கள் என அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

குறைகள் என்ன? தீம்தான் முதல் குறை. குனோமின் அத்வைத்தா தீமில் கோப்பு வகைகளுக்கான படங்கள் மிகக் குறைவு. வகை சரியாகத் தெரிந்தும் காட்டப் படம் இல்லாமல் பலவும் ஒரே தாள் போலத் தெரியும். ‘லினக்ஸில் எல்லா ஐகானும் ஒரே மாதிரி இருக்கே’ என்று சொல்கிறவர்கள் பார்ப்பது இதைத்தான். பாப்பிரஸ் தீமை நிறுவினால் பிடிஎஃப் சிவப்பாக, விரிதாள் பச்சையாக, எழுத்து ஆவணம் நீலமாகத் தனித்தனியே வந்துவிடும். ஐந்து நிமிட வேலை, பைசா செலவில்லை.

கோரல் கோப்புகள் இரண்டாவது குறை. சிடிஆர் என்ற வகையை லினக்ஸ் அடையாளம் தெரிந்துகொள்ளும், ஆனால் தனி ஐகான் இல்லாத தீமில் அது ஏதோ ஒரு படம் போல நிற்கும். பழைய பேஜ்மேக்கர் கோப்புகள் இன்னும் வருகிற கடை இது. அவற்றுக்கும் பளிச்சென்று தெரியும் ஐகான் வேண்டியிருந்தது. இங்கே லினக்ஸ் தன் குறைக்குத் தானே மருந்து வைத்திருக்கிறது. வகையின் பெயரையும் எக்ஸ்டென்ஷனையும் ஒரு சிறு எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதி, அதற்குரிய ஃபோல்டரில் போட்டு, மைம் தரவுத்தளத்தைப் புதுப்பிக்கும் கட்டளையை ஒருமுறை கொடுத்தால் போதும். ஐகானுக்கு அதே பெயரில் ஒரு எஸ்விஜி படம். உள்ளே இருக்கும் தம்பி ஆரஞ்சு நிறத்தில் கோ என்ற எழுத்தையும் பழுப்பு நிறத்தில் பே என்ற எழுத்தையும் வரைந்து கொடுத்தார். இப்போது கவுன்ட்டரில் சிடிஆர் வந்தால் அக்கா கோ என்று பார்த்தவுடன் உள்ளே அனுப்பிவிடுகிறார். விண்டோஸில் இதைச் செய்ய எக்ஸ்பி வரை ஃபோல்டர் ஆப்ஷனிலேயே ஒரு பக்கம் இருந்தது, விஸ்டாவில் எடுத்துவிட்டார்கள். இன்றைக்கு ரெஜிஸ்ட்ரியில் கை வைக்க வேண்டும், இல்லையென்றால் வெளியாரின் நிரல் ஒன்றைத் தேட வேண்டும்.

மேக்: அழகான வரலாறு, நமக்குப் பொருந்தாத வேலை

மேக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய மேக்கில் ஒவ்வொரு கோப்போடும் நான்கெழுத்துக் குறி இரண்டு ஒட்டியிருக்கும், ஒன்று வகைக்கு, மற்றது உருவாக்கிய நிரலுக்கு. பெயரை எப்படி மாற்றினாலும் ஐகான் மாறாது. மூன்றில் மிக நேர்த்தியான ஏற்பாடு அதுதான் என்பேன். ஆனால் விண்டோஸ் மெஷினுக்குப் போய்த் திரும்பினால் அந்தக் குறிகள் உதிர்ந்துவிடும். மேக் ஓஎஸ் எக்ஸ் காலத்தில் எக்ஸ்டென்ஷனுக்கு முக்கியத்துவம் வந்தது. 2005-இல் வந்த டைகர் பதிப்பு யூடிஐ என்ற வகைப்பெயர் முறையைக் கொண்டுவந்தது. 2009-இல் ஸ்னோ லெப்பர்டு உருவாக்கிய நிரலின் குறியைப் பொருட்படுத்துவதையே நிறுத்திவிட்டது. இன்றைக்கு அதன் ஐகான் தேர்வும் விண்டோஸ் போலவே எக்ஸ்டென்ஷனையும் திறக்கும் நிரலையும் சார்ந்தது.

எங்கள் கடைக்கு மேக் வேண்டாம் என்று முடிவு செய்ய ஒரே ஒரு கோப்பு போதுமானதாக இருந்தது. சிடிஆர் என்றால் நமக்குக் கோரல்டிரா. மேக்குக்கோ, அது சிடி வட்டின் நகல் வடிவம். கோரல் இல்லாத மேக்கில் கல்யாணப் பத்திரிகையைச் சொடுக்கினால் அதை வட்டாக நினைத்துத் திறக்கப் பார்க்கும். இத்தனைக்கும் விலை வேறு.

தம்ப்நெயில்: மூன்றாவது கேள்வியும் அதன் விலையும்

பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்க வருகிறவரின் பென் டிரைவில் நாற்பது படம் இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே ஐகான் இருந்தால் பிரயோஜனம் இல்லை. உள்ளே இருக்கும் முகம் தெரிய வேண்டும். அதற்குத்தான் தம்ப்நெயில். மூன்று இயங்குதளமும் இதைச் செய்யும். விண்டோஸில் எந்தெந்த வகைக்குக் காட்டும் என்பது நிறுவியிருக்கும் நிரலைப் பொறுத்தது. ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டிக்குத் தானாகக் காட்டாது, தனியாக ஏதாவது சேர்க்க வேண்டும். லினக்ஸிலும் வகைக்கொரு சிறு நிரல்தான் படம் எடுக்கிறது.

ஆனால் கவுன்ட்டர் மெஷினில் தம்ப்நெயிலை யோசிக்காமல் விடக்கூடாது. ஒருமுறை எடுத்த சிறுபடம் உடனே அழிவதில்லை. லினக்ஸில் பயனரின் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் கேஷ் பகுதியில் 128, 256 பிக்சல் அளவுகளில் பிஎன்ஜி படங்களாகச் சேர்ந்துகொண்டே போகும். ஒவ்வொன்றின் உள்ளேயும் மூலக் கோப்பு எந்த இடத்தில், எந்தப் பெயரில் இருந்தது என்பதும் எழுதப்பட்டிருக்கும். விண்டோஸிலும் இதே கதை, தம்ப்கேஷ் என்ற தரவுக் கோப்புகளில். வாடிக்கையாளர் பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு போன பிறகும் அவருடைய ஆதாரும், பான் கார்டும், மார்க்ஷீட்டும் சிறுபடமாக நம் மெஷினில் கிடக்கும். 256 பிக்சலில் முகம் தெளிவாகவே தெரியும். பழைய கவுன்ட்டர் மெஷினில் அந்தக் கேஷை அக்காவுக்குத் திறந்து காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இதெல்லாம் நம்ம கிட்ட இருக்கவே கூடாது தம்பி” என்றார்.

விண்டோஸில் ‘எப்போதும் ஐகான் மட்டும், தம்ப்நெயில் வேண்டாம்’ என்று ஓர் அமைப்பு இருக்கிறது. லினக்ஸிலும் இருக்கிறது. ஆனால் போட்டோ தேடும் வேலைக்குத் தம்ப்நெயில் தேவை. லினக்ஸில் இதற்கு நான் செய்தது, அந்தச் சிறுபட ஃபோல்டரை வட்டில் வைக்காமல் டெம்ப்எஃப்எஸ் முறையில் நினைவகத்தில் வைத்தது. பகல் முழுக்கத் தம்ப்நெயில் தெரியும், இரவு மெஷினை அணைத்ததும் அத்தனையும் போய்விடும். கடை நடத்துகிறவர்கள் எல்லாரும் இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நம்மை நம்பித்தான் ஜனங்கள் பென் டிரைவைக் கையில் கொடுக்கிறார்கள்.

ஐகான் காட்டுவதே வாசலாகும்போது

லினக்ஸ் போட்டுவிட்டால் கவலையே இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஐகானைக் காட்டுவதற்கே ஏதோ ஒரு நிரல் அந்தக் கோப்பைத் தொட வேண்டியிருக்கிறது. அந்தத் தொடுதலில் ஓட்டை இருந்தால் சொடுக்கவே தேவையில்லை. 2010-இல் ஸ்டக்ஸ்நெட் என்ற தீய நிரல் பரவியது இப்படித்தான். ஷார்ட்கட்டின் ஐகானை எடுக்கப் போன விண்டோஸ், அதற்குள் குறிப்பிட்டிருந்த தீய நிரலையே ஓட்டிவிட்டது. பென் டிரைவைத் திறந்து பார்த்தாலே போதும். 2017-இல் குனோமுக்கான ஈஎக்ஸ்ஈ தம்ப்நெயில் நிரல் ஒன்றில் ஓட்டை வெளிவந்தது. கோப்பின் பெயரிலேயே கட்டளையை ஒளித்து வைக்க முடிந்தது. 2019-இல் கேடிஇயில் ஐகான் பெயர் எழுதும் இடத்தில் கட்டளை எழுதினால் அது ஓடியது. ஃபோல்டரைப் பார்த்தாலே போதுமானதாக இருந்தது. மூன்றுக்கும் திருத்தம் வந்துவிட்டது. ஆனால் இதிலிருந்து கடைக்கு நான் எடுத்துக்கொண்டது இரண்டு: புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாமல் போடுவது, ஈஎக்ஸ்ஈக்குத் தம்ப்நெயில் எடுக்கும் நிரல் இருந்தால் நீக்கிவிடுவது. அந்தத் தம்ப்நெயில் நிரல் இருந்தால் ஈஎக்ஸ்ஈ தன் வயிற்று ஐகானை லினக்ஸிலும் காட்டத் தொடங்கிவிடும். ஃபோல்டர் வேடம் பழையபடி பலிக்கும்.

தமிழுக்கென்று ஒரு குறையும் இருக்கிறது, மூன்றுமே அதில் தோற்கின்றன. யூனிகோடில் தட்டச்சு செய்த வேர்டு கோப்புக்கும் டேம், டேப், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததற்கும் ஒரே ஐகான்தான். திறந்து, எழுத்து உடைந்து நிற்கும்போதுதான் தெரியும். அதற்கு ஐகான் வழியே எனக்குத் தீர்வு கிடைக்கவில்லை. திறந்ததும் எந்த எழுத்துரு கேட்கிறது என்று பார்த்து, கோப்புப் பெயரின் முன்னால் அக்கா ஒரு குறிச்சொல் சேர்க்கிறார்.

எடுத்த முடிவு

கவுன்ட்டருக்கு லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, பாப்பிரஸ் தீம், நினைவகத்தில் தம்ப்நெயில். புது மெஷின் வாங்கவில்லை. உள்ளே விண்டோஸ் 11 அப்படியே இருக்கிறது. கோரலும் ஃபோட்டோஷாப்பும் லினக்ஸில் ஓடாது என்பதால் அதில் விவாதத்துக்கே இடமில்லை. அதில் எக்ஸ்டென்ஷனைக் காட்டச் சொல்லிவிட்டேன், பிடிஎஃப்புக்கு ஒரு நிரலை நிரந்தரமாகத் தேர்ந்தெடுத்துவிட்டேன், வெளியார் பென் டிரைவ் அதில் செருகக்கூடாது என்று ஏற்பாடு. கவுன்ட்டரில் பார்த்து எடுத்த கோப்பு மட்டும் நெட்வொர்க் ஃபோல்டர் வழியாக உள்ளே போகும்.

உங்கள் கடைக்கு ஒரே மெஷின்தான், அதிலேயே கோரலும் ஓட வேண்டும் என்றால் விண்டோஸிலேயே இருங்கள். எக்ஸ்டென்ஷனைக் காட்டச் சொல்லுங்கள், மறைந்த கோப்புகளையும் காட்டச் சொல்லுங்கள், ஷார்ட்கட் அம்பைப் பார்க்க எல்லாரையும் பழக்குங்கள். பிரின்ட் மட்டும் போடும் மெஷின் என்றால், பிரின்டருக்கு லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு மின்டை ஒரு பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். எதையும் அழிக்காமல் ஒரு நாள் பழகிப் பார்க்கலாம். நாங்களும் அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையைப் பாதி மூடிவிட்டுச் செய்தோம்.

உதவிக்கு இருக்கும் பையனுக்குப் பழக இரண்டு நாள் ஆனது. அக்காவுக்கு ஒரு மணி நேரம். இப்போது அவர் கேட்பது, மார்க்ஷீட் ஸ்கேனுக்குத் தனியாக ஒரு ஐகான் வேண்டும் என்று. அது வெறும் ஜேபெக் அக்கா, வகையை வைத்துப் பிரிக்க முடியாது என்று சொல்லியிருக்கிறேன்.